ஏழாவது விலாவின் வெள்ளைச் சுருள்

கால் தரையில் பட்டுவிட்டது. அதுதான் வம்பே.

பட்டிருக்காவிட்டால் மீரோ தன் வழியில் போயிருப்பாள், அவனும் தன் வேலையைப் பார்த்திருப்பான். பட்டுத் தொலைத்ததே... வலது கால், ஐந்து விரல்களோடு, முழுசாக!

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. அந்தத் தென்கடல் தீவின் வைதூயி கடற்கரையில் ஜூலை மாதத்துக் குளிர்கால மழை சொல்லிக்கொண்டா வருகிறது? தான் ஓட்டுகிற பள்ளிக்கூட பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, பின்னுவதற்கென்று காயவைத்த ஓலைக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். பாதி முற்றத்தில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஓலை நனைந்தால் இரண்டு வார உழைப்பு போச்சு. மழைக்கும் வெயிலுக்கும், சாவுக்கும் கல்யாணத்துக்கும் பிறந்ததிலிருந்து அவள் ஓடி ஒதுங்கிய குலத்துப் பெருவீடு எதிரிலேயே நின்றது. கால்கள் அவளைக் கேட்கவில்லை. தாழ்வாரத்தில் ஏறின. வாசற்படியைத் தாண்டி ஓர் அடி வைத்தும்விட்டன.

"நில்லுங்க!"

உள்ளேயிருந்து வந்த சத்தத்தில் மீரோ அப்படியே நின்றாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. சாரத்தின் மேல், கையில் தூரிகையோடு ஒருவன். வலது புருவத்தில் ஒரு தீற்று சிவப்பு. அந்தப் புருவத்துக்குக் கீழே இரண்டு கண்கள்... அவள் பார்த்த மாத்திரத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தடுமாறின.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஐயோ, தபு!

கூரை மரங்களுக்குப் புது வண்ணம் தீட்டத் தொடங்கிய நாளே குலத்துப் பெரியவர் எருயேரா மாமா மந்திரம் சொல்லி வீட்டைத் தபு என்ற விலக்கில் கட்டிப்போட்டிருந்தார். வேலை முடிந்து, ஒரு விடியலில் முறைப்படி திறக்கிறவரை பெண் யாரும் படி தாண்டக் கூடாது. சமைத்த உணவு உள்ளே போகக் கூடாது. படம் பிடிக்கக் கூடாது. ஊரில் பல் முளைக்காத பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. இருபத்தேழு வயது மீரோவுக்குத் தெரியாதா?

காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"பாத்துட்டீங்களா?"

"எதை?"

"என் காலை!"

"காலா? என் கண்ணுல பெயிண்ட்டுங்க... ஒண்ணுமே தெரியல."

"பொய். பெயிண்ட் புருவத்துலதான் இருக்கு."

அவன் புறங்கையால் புருவத்தைத் துடைத்தான். சிவப்பு இன்னும் கொஞ்சம் இறங்கியது. "இப்ப கண்ணுக்குள்ளயும் போயிடுச்சு. திருப்தியா?"

சிரிப்பு வந்தது அவளுக்கு. இந்த நேரத்தில் சிரித்தால் அடுக்குமா? பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்குள்ள நின்னுகிட்டு என்னையே நில்லுங்கறீங்க..."

"உங்க வீடுதாங்க. யாரு இல்லேன்னா? ஆனா இன்னைக்கு நான் உள்ள, நீங்க வெளிய. திறக்கிற அன்னைக்கு மாத்திக்கலாம்."

மழைக்குள் இறங்கினாள். இரண்டடி போவதற்குள் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு பறந்து வந்து அவள் தோளில் விழுந்தது.

"ஓலைக்கு!" என்று கத்தினான் அவன். "உங்களுக்கு இல்ல!"

*

அவன் பெயர் ராவிரி என்பது சாப்பாட்டுக் கூடத்துக்குப் போன ஐந்தாவது நிமிஷத்தில் தெரிந்தது. மகேரே அத்தை இருக்கிற இடத்தில் எதுதான் தெரியாமல் போகும்? வடக்கே ஹோகியாங்காவைச் சேர்ந்தவன். ரோடோருவாவில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறான். சுருள் சித்திரத்தில் கை தேர்ந்தவன் என்று எருயேரா மாமா தேடிப் பிடித்துக் கொண்டுவந்தவன். வந்து நான்கு நாள்தான் ஆகிறது.

"அத்தை... நான் உள்ள கால வச்சிட்டேன்" என்றாள் மீரோ.

கூடத்தில் ஓலை பின்னிக்கொண்டிருந்த பெண்களின் கை நின்றது. மகேரே அத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். அது நல்ல சகுனமில்லை.

"யாரு பாத்தா?"

"அந்தப் பெயிண்டர். பாக்கலைன்னு சொல்றாரு."

"அவனே பாக்கலைன்னு சொல்றான். நீ எதுக்குடி தானா வந்து மாட்டிக்கிற?"

"வீடு பாத்துச்சே, அத்தை."

அத்தை எழுந்து போய் எருயேரா மாமாவை அழைத்துவந்தாள். மறுநாள் முழுதும் வேலை நின்றது. மாமா வாசற்படியில் நீர் தெளித்து மந்திரம் சொன்னார். மீரோ முற்றத்தில் தலைகுனிந்து நின்றாள். எதிரே, கை கட்டிக்கொண்டு, புருவத்தில் இன்னும் போகாத சிவப்போடு அவன் நின்றான்.

அன்று மத்தியானம் கூடத்தில் சிப்பிக் குழம்பும் பொரித்த ரொட்டியும். பெண்கள் அவனைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு கிண்டினார்கள்.

"ஏன் தம்பி, கண்ணுல பெயிண்ட்டுன்னு சொன்னியாமே? எந்தக் கலரு?"

"இன்னைக்கு நல்லாத் தெரியுதா? யாரு உக்காந்திருக்கா அந்த மூலையில, சொல்லு பாப்போம்?"

அத்தை மட்டும் கிண்டலில் சேரவில்லை. அவள் விசாரணையில் இறங்கிவிட்டாள். அம்மா யாரு, அம்மாவின் அப்பா யாரு, அவருக்கு எந்த மலை, எந்த ஆறு... பதினைந்து நிமிஷம். கடைசியில் மீரோவின் காதோரம் வந்து, "அவன் குலத்துக்கும் நமக்கும் நடுவுல ஒன்பது தலைமுறைக்கு முன்னாடி ஒரே ஒரு கல்யாணம். அது பரவாயில்ல" என்றாள்.

"நான் கேட்டேனா அத்தை?" சிவந்துபோனாள் மீரோ.

"கேக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கணும்டி. பின்னாடி கேட்டா அழுகைதான்."

*

வேலை மறுபடி தொடங்கிய மூன்றாம் நாள் அவன் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் வந்து நின்றான். கையில் ஒன்றுமில்லை. முகத்தில் விளையாட்டுமில்லை.

"இடப்பக்கம் ஏழாவது விலா..." என்றான். "கூரை ஒழுகி வண்ணம் மொத்தமும் உதிர்ந்துபோச்சு. வெறும் மரம்தான் நிக்குது. அதுல என்ன இருந்துச்சுன்னு யாருக்காவது ஞாபகம் இருக்கா?"

வீடு என்பது குலத்தின் மூதாதை தாஹுரங்கியின் உடம்பு. உச்சி உத்தரம் அவருடைய முதுகெலும்பு. அதிலிருந்து இரு பக்கமும் இறங்குகிற மரங்கள் விலா. ஒவ்வொரு விலாவும் ஒரு குடும்பம். ஏழாவது யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொருவராக மீரோவைப் பார்த்தார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் அப்பா தீபேனேவைக் கடலிலிருந்து கொண்டுவந்து அந்த விலாவின் கீழேதான் கிடத்தினார்கள். மூன்று நாள். பெட்டியின் பக்கத்தில் பாயில் படுத்தபடி மீரோ மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் வந்தார்கள், யார் அழுதார்கள், என்ன பாடினார்கள்... ஒன்றும் நினைவில்லை. அந்தச் சித்திரம் மட்டும் கண்ணுக்குள் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எத்தனையோ தடவை நுழைந்திருக்கிறாள். ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை.

"எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள்.

அவள் உள்ளே போக முடியாது. அவன் மரத்தை வெளியே கொண்டுவர முடியாது. அப்படித்தான் அந்தச் சன்னல் பேச்சு ஆரம்பமானது. ஏழாவது விலாவுக்கு நேராக ஒரு பக்கச் சன்னல். உள்ளே அவன். வெளியே புல்தரையில், குடையைப் பிடித்துக்கொண்டு அவள்.

"மேலேருந்து சொல்லுங்க."

"முதல்ல கொம்பன் சுறா. ரெண்டு. தலையோடு தலை."

"சரி... விட்டுக்கொடுக்காத ஆளுங்க போல உங்க குடும்பம்."

"அதுல என்ன சந்தேகம்?"

"எனக்கு சந்தேகமே இல்லீங்க. முதல் நாளே பாத்துட்டேனே."

"பாக்கலைன்னு சொன்னீங்க!"

உள்ளேயிருந்து இருமல் மட்டும் வந்தது. மீரோ குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். எத்தனை நாளாயிற்று இப்படிச் சிரித்து...

தினமும் பஸ்ஸை நிறுத்தியதும் நேரே சன்னலுக்கு வந்தாள். சுறாவுக்குக் கீழே பெரணித் தளிர்ச் சுருள்கள், ஜோடி ஜோடியாக. ஒவ்வொன்றும் ஒரு பிறப்பு. ஒன்றின் கழுத்திலிருந்து அடுத்தது முளைக்கும். அவள் விரலால் காற்றில் வளைத்துக் காட்டுவாள், அவன் மரத்தில் கரியால் வளைப்பான். 'இன்னும் கொஞ்சம் குண்டா' என்பாள். 'யாரு, நானா?' என்பான்.

ஒரு நாள் பொரித்த ரொட்டியைச் சூடாகத் தட்டில் கொண்டுவந்து சன்னல் வழியே நீட்டிவிட்டாள். அவன் பின்னால் துள்ளியதில் வண்ண டப்பா உருண்டது.

"சமைச்ச சாப்பாடு! உள்ள! ஒரே மாசத்துல ரெண்டாவது!"

கையை இழுத்துக்கொண்டாள். கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு. "பசிக்குமேன்னு..."

"பசிக்குதுதான். உங்களோட நின்னு பேசினா எருயேரா மாமா இந்த வீட்டை வாரா வாரம் கழுவணும் போல."

வெளியே வந்து, குழாயடியில் முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டு, புல்தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நான்கு ரொட்டி தின்றான். மழை விட்டிருந்தது. பக்கத்தில் பார்த்தால் அவன் கண்கள் கறுப்பில்லை, தேன் கலந்த பழுப்பு. 'எதற்கு இதையெல்லாம் கவனிக்கிறாய்?' என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா? வெள்ளைச் சுருளை எப்படி அவ்வளவு சீரா வரையறீங்க? கை நடுங்காதா?" என்றாள்.

"நான் எங்க வெள்ளையை வரையறேன்?" அவன் சிரித்தான். "மரம் முழுக்க முதல்ல வெள்ளை அடிச்சிருவோம். அப்புறம் சுத்திச் சுத்திச் சிவப்பும் கறுப்பும். தொடாம விட்ட இடம் இருக்கு பாருங்க, அதுதான் சுருள். முன்னோர்களை யாரும் வரைய முடியாதாம். அவங்களுக்கு இடம் விடத்தான் முடியுமாம். இதைப் பழகறதுக்கே எனக்கு ஆறு வருஷம் ஆச்சு."

மீரோவின் கையிலிருந்த ரொட்டி அப்படியே நின்றது. இருபத்தேழு வருஷம் அந்தக் கூரைக்குக் கீழே கிடந்திருக்கிறாள். உருண்டிருக்கிறாள், தூங்கியிருக்கிறாள். தலைக்கு மேலே இருந்த அத்தனையும் யாரோ தொடாமல் விட்ட இடம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. உடம்பு சிலிர்த்தது. மூடிக் கிடந்த பெருவீட்டைத் திரும்பிப் பார்த்தாள். அதுவும் அவளைப் பார்ப்பது மாதிரிதான் இருந்தது.

*

கடைசியில் ஒரே ஒரு சுருள் பாக்கி. அடியில், சுவரோரம், எட்டினால் தொடுகிற உயரத்தில் இருந்த ஒற்றைச் சுருள். அதைச் சொல்லாமல் இரண்டு நாள் இழுத்தடித்தாள். பஸ் ரிப்பேர் என்றாள். தலைவலி என்றாள்.

"மீரோ" என்றான் ராவிரி. 'ங்க' எப்போது காணாமல் போனது என்று இருவருக்குமே தெரியாது. "அந்தக் கடைசிச் சுருள்ல என்ன இருக்கு?"

வானம் மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. சன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அது மட்டும் ஜோடி இல்ல. கதவைப் பாத்துத் திரும்பியிருக்கும்."

"கதவைப் பாத்தா?"

"ஆமா. நான் உள்பக்கம் படுத்திருந்தேன். அது எனக்கு முதுகு காட்டிட்டு கதவைப் பாத்துகிட்டிருந்துச்சு. மூணு நாளும்."

பிறகு நிறுத்த முடியவில்லை. இதுவரை யாரிடமும் சொல்லாததெல்லாம் வந்தது. ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்குப் போகிறேன் என்று அவள் சொன்னது. போகாதே என்று அப்பா சொல்லவில்லை, பேசாமல் இருந்தார். அதுதான் அவளுக்குக் கோபம். மறுநாள் காலை நண்டுப்பொறி இழுக்கப் போகும்போது அறை வாசலில் நின்று 'மீரோ... மீரோ...' என்று இரண்டு தடவை கூப்பிட்டார். அவள் முழித்துக்கொண்டுதான் இருந்தாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான். அவ்வளவேதான்...

"நான் முதுகு காட்டினேன். அவரும் எனக்கு முதுகு காட்டிட்டுப் போயிட்டாரு. அதுதான் மேல எழுதியிருந்துச்சு. அப்படியே வரைஞ்சிடு, ராவிரி. அதுதான் நிஜம்."

சன்னலுக்கு உள்ளேயிருந்து அவன் கை நீண்டு வந்தது. விளிம்பில் இருந்த அவள் விரல்களுக்கு ஓர் அங்குலத்தில் நின்றுகொண்டது. தபு இருக்கிற கை. தொடக் கூடாது. தொடாமல் அப்படியே வைத்திருந்தான், மழை வருகிறவரை.

மறுநாள் அவள் வருவதற்குள் அவன் சன்னலில் காத்திருந்தான். கண்கள் பளபளத்தன.

"மீரோ! கரிப்பொடி தூவிப் பாத்தேன். பழைய ஆளு கீறின கோடு மரத்துல இன்னும் இருக்கு. நீ சொன்ன அதே வளைவு, கொஞ்சமும் பிசகல. ஆனா அது கதவைப் பாக்கல. உன்னைத்தான் பாக்குது!"

"என்ன?"

"நீ பாத்தது சிவப்பை! அழுது வீங்கின கண்ணுல, மங்கல் வெளிச்சத்துல, சிவப்புதான் உருவம்னு நினைச்சிட்ட. சிவப்பைப் பாத்தா கதவுப் பக்கம். வெள்ளையைப் பாத்தா நீ படுத்திருந்த பக்கம். கோடு ஒண்ணுதான் மீரோ, எந்தப் பக்கத்தை ஆளுன்னு எடுத்துக்கறோம்கிறதுதான்..."

அவள் முகம் வெளுத்தது. பிறகு சிவந்தது.

"நேத்து நான் அழுதேன். இன்னைக்கு எங்கப்பா திரும்பிட்டாரு. அப்படித்தானே?"

"மீரோ, நான்..."

"பரிதாபப்பட்டு எங்கப்பாவைத் திருப்பி வைக்க நீ யாரு? கடைப் பலகை எழுதறவன்தானே? 'நாளை வா, மலிவு விலை'ன்னு கேட்டதை எழுதிக் குடுக்கற ஆளு! எனக்குப் பொய் ஆறுதல் வேணாம்."

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் கண்ணிலிருந்த வெளிச்சம் போய்விட்டது. "சரிங்க" என்றான். அந்த 'ங்க' அவளைச் சுட்டது. சன்னல் சாத்திக்கொண்டது.

*

பன்னிரண்டு நாள் அவள் அந்தப் பக்கம் போகவில்லை. கூடத்தில் உட்கார்ந்து பெருவீட்டுச் சுவருக்கான தன் ஓலைப் பலகையைப் பின்னினாள். கடற்பறவைக் கண்ணீர் என்ற பழைய கோலம், படிப்படியாய் இறங்குகிற வெள்ளைத் துளிகள். தலை நிமிராமல் பின்னினாள். மழை பெய்தால் சன்னல் பக்கம் காது போகும். காதைத் திட்டுவாள்.

அவன் கூடத்துக்குச் சாப்பிட வந்தான், போனான். நிமிர்ந்து பார்க்கவில்லை. பெண்கள் கிண்டலை நிறுத்திவிட்டார்கள். அதுதான் இன்னும் கஷ்டமாயிருந்தது. 'நிஜமாகவே பார்த்ததைச் சொல்லியிருந்தால்?' என்று ஒரு மனசு. 'எல்லோரும் அப்படித்தான், அழுகிறவளுக்கு மிட்டாய் கொடுப்பார்கள்' என்று இன்னொரு மனசு. போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்கத்தான் முடியாதே! அவன் வார்த்தையை நம்ப வேண்டும், இல்லாவிட்டால் நம்பாமல் இருக்க வேண்டும். நடுவில் ஒரு வழியுமில்லை.

திறப்பதற்கு இரண்டு நாள் முன்பு மகேரே அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சனிக்கிழமை விடியல்ல முதல்ல படி தாண்டறது நீதான்."

மீரோவின் கையிலிருந்த ஓலை நழுவியது. வீட்டின் தபுவை எடுக்க எல்லோருக்கும் முன்னால் ஒரு பெண் படி தாண்ட வேண்டும். குலத்தில் மூத்தவள், பெரியவள்தான் அதைச் செய்வாள்.

"நானா? அது நீங்க பண்ண வேண்டியது அத்தை! தப்புப் பண்ணினவ நான்."

"அதனாலதான். தப்பா வச்ச கால் சரியா வைக்கணும். எருயேராகிட்ட பேசிட்டேன்."

"எனக்கு பயமா இருக்கு அத்தை. மேல பாக்கணுமே..."

அத்தை கண்ணாடியைக் கழற்றினாள். இந்தத் தடவை துடைத்துக்கொள்வதற்காக.

"தீபேனே என் கூடப்பொறந்தவன்டி. நானும்தான் மூணு வருஷமா நிமிர்ந்து பாக்கல. யாராவது ஒருத்தி பாக்கணும்ல?"

*

சனிக்கிழமை. கிழக்கே கடலின் விளிம்பு சாம்பல் நிறத்தில் வெளுத்துக்கொண்டிருந்தது. முற்றம் முழுக்க ஜனம், ஆனால் ஒரு இருமல் சத்தம் இல்லை. எருயேரா மாமாவின் மந்திரம் மட்டும் அலையோடு அலையாக எழுந்து இறங்கியது. தூறல். தலையில் இலைக் கிரீடத்தோடு மீரோ வாசற்படி முன்னால் நின்றாள்.

மந்திரம் ஓர் இடத்தில் நின்றது. அதுதான் அவளுக்கான இடம்.

வலது காலை எடுத்தாள். அதே கால். வைத்தாள்.

உள்ளே இருட்டு... புது வண்ணத்தின் வாசனை, மரத்தின் வாசனை. பின்னால் யாரோ விளக்கைப் போட்டார்கள். ஒரே நொடியில் கூரை முழுதும் எழுந்து வந்தது. சுறாக்களும் தளிர்களும் அலைகளும் முதுகெலும்பிலிருந்து இரு பக்கமும் வழிந்திறங்கின, சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே வெள்ளை வெள்ளையாக. வரைந்ததல்ல, இடம் விட்டது. இறந்தவர்கள் அத்தனை பேரும் அந்த இடத்தில் வந்து நிற்கிறார்கள் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. வாய்விட்டுப் பெருமூச்சு விட்டாள். பின்னால் நுழைந்த ஜனமும் அப்படியே விட்டது. வீடே மூச்சு விட்டது போலிருந்தது.

ஒன்று, இரண்டு, மூன்று... ஏழு.

சுறா இருந்தது. ஜோடிச் சுருள்கள் இருந்தன. அடியில் கடைசிச் சுருள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. ஒரு கை அகலத்துக்கு வெறும் மரம், வெள்ளைகூடப் பூசாமல்.

ஆண்கள் வரிசையில் ராவிரி நின்றிருந்தான். பன்னிரண்டு நாளில் முதல் தடவையாக அவளைப் பார்த்தான். மரத்தை நோக்கி லேசாகத் தலையசைத்தான்.

தொட்டுப் பார் என்கிறான். நம்ப வேண்டாம், தொட்டுப் பார்.

கையை நீட்டி விரல் நுனியை வைத்தாள். முதலில் மரம் மட்டும்தான். பிறகு விரலுக்கடியில் ஒரு கீறல். என்றோ, யாரோ, ஆணியால் கீறிய கோடு. அதன் வழியே விரல் போனது, வளைந்தது. அவளுக்கு மனப்பாடமான வளைவு. கோட்டுக்குக் கதவுப் பக்கம் தடவினாள். வழவழப்பு, ஒன்றுமில்லை. உள்பக்கம் தடவினாள். சுருளின் தலையில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு சின்னப் பள்ளம். கண்! பழைய ஓவியன் உருவத்துக்குத்தானே கண் வைப்பான்? சுற்றியுள்ள வெளிக்கு வைப்பானா?

அந்தக் கண் கதவைப் பார்க்கவில்லை. கீழே, உள்பக்கம், அவள் மூன்று நாள் கிடந்த அந்தப் பாய் விரிக்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று நாளும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அவள் பிறப்பதற்கு முன்னாலிருந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

"அத்தை..." என்றாள். "அப்பா இந்தப் பக்கம்தான் பாத்துகிட்டிருக்காரு, அத்தை..."

மகேரே அத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு, மூன்று வருஷம் பாக்கியிருந்ததையெல்லாம் அழுதார்கள்.

*

விருந்துக்குக் கூட்டம் கூடத்துக்குப் போய்விட்டது. பெருவீட்டில் அவனும் அவளும் மட்டும். அவன் அந்தக் கை அகல மரத்துக்கு வெள்ளை பூசி, அது காய்கிறவரை காத்திருந்து, சிவப்பில் தூரிகையைத் தோய்த்து அவளிடம் நீட்டினான்.

"இப்ப தபு இல்ல. சுத்தி நீ அடி. வெள்ளையைத் தொட்டுடாத."

வெள்ளையை ஒட்டி ஒட்டி, தொடாமல் அடித்தாள். சுருள் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தது.

"ராவிரி... அன்னைக்கு நான் பேசினது..."

"கடைப் பலகைதானே? உண்மைதான். 'நாளை வா'ன்னு ரெண்டு தடவை எழுதியிருக்கேன்."

"கிண்டல் பண்ணாத. நீ கோவிச்சுக்கிட்டு முழுசா வரைஞ்சு முடிச்சிருக்கலாம். ஏன் விட்டு வச்ச?"

அவன் தூரிகையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நான் வரைஞ்சா அது என் வார்த்தை. நீயே தொட்டாத்தான் உங்கப்பா வார்த்தை. அதான், இடம் விட்டேன்."

மழை வலுத்தது. கூரை முழுதும் தாளம் போட்டது. மீரோ தூரிகையைக் கீழே வைத்தாள்.

"மீரோ, நான் ஒரு பொய் சொல்லியிருக்கேன்" என்றான் அவன்.

திக்கென்றது அவளுக்கு. "என்ன?"

"முதல் நாள்... கண்ணுல பெயிண்ட் எதுவும் போகல. உன் காலைப் பாத்தேன். அஞ்சு விரலும், முழுசா. நில்லுங்கன்னு கத்தினேனே, அது வீட்டுக்காக இல்ல. நீ திரும்பிப் போயிடுவியோன்னு..." மூச்சை இழுத்துக்கொண்டான். "வீட்டுக்கு நீ இன்னைக்குத்தான் வந்த. எனக்குள்ள அன்னைக்கே வந்துட்ட. ரோடோருவா பஸ் சாயங்காலம் நாலு மணிக்கு. போகச் சொன்னா போறேன்."

மீரோ அவன் முகத்தைப் பார்த்தாள். அதே புருவம், அதே சிவப்பு. ஒரு காலத்தில் ஒருவர் வாசலில் நின்று கூப்பிட்டபோது அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். இந்தத் தடவை திரும்ப மாட்டாள்.

"எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு, ராவிரி. போகாத."

சொல்லிவிட்டு ஓர் அடி முன்னால் வந்தாள். நெற்றியும் நெற்றியும், மூக்கும் மூக்கும் தொட்டன. விருந்தாளிகளை வரவேற்கும்போது ஒரு நொடியில் முடிகிற மரியாதைதான் அது. ஒரே மூச்சை இரண்டு பேர் பகிர்ந்துகொள்வது. அவர்களுக்கு அது முடியவே இல்லை...

வாசலில் யாரோ இருமினார்கள்.

"ஒன்பது தலைமுறை ஆச்சுன்னு சொன்னேன். பரவாயில்லன்னும் சொன்னேன்" என்றாள் மகேரே அத்தை, கையில் ரொட்டித் தட்டோடு. "ஆனா சாப்பாடு ஆறிப்போகுது."

அவர்கள் விலகவில்லை. தட்டு உள்ளே வந்துவிட்டதை யாரும் கவனிக்கவுமில்லை. ஏழாவது விலாவில் ஈரம் காயாத சிவப்புக்கு நடுவே, தொடாமல் விட்ட வெள்ளையிலிருந்து தீபேனே தன் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.